கம்பியா, டிராக்கா? திரைச்சீலை வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்!

பெங்களூரு: புதிய வீட்டில் குடியேறுவோர் திரைச்சீலையின் நிறத்தையும் துணியையும் தேர்வு செய்யப் பல கடைகள் ஏறி இறங்குகின்றனர். அந்தத் துணியைத் தாங்கவேண்டிய கம்பியையோ கடைசி நேரத்தில்தான் வாங்குகின்றனர். சில மாதங்களில் பிராக்கெட் தளர்ந்து, சுவர்ப்பூச்சு பெயர்ந்து, கம்பி சரிகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் கம்பியின் தரமன்று. அது பொருத்தப்பட்ட சுவரும் பொருத்திய முறையுமே.

பெங்களூரில் இந்தப் பிழை கையைக் கடிக்கக்கூடியது. வாடகை வீட்டுக்கு 10 மாத வாடகை வரை முன்பணம் கேட்கும் வழக்கம் இந்நகரில் நெடுங்காலமாக உள்ளது. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு 2 மாத வாடகையை உச்சவரம்பாகப் பரிந்துரைக்கிறது. எனினும், மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினால் மட்டுமே அது நடைமுறைக்கு வரும். வீட்டைக் காலி செய்யும்போது பெயர்ந்த சுவருக்கான செலவு இந்த முன்பணத்திலிருந்தே கழிக்கப்படலாம்.

எவ்வகைச் சுவர்?

மல்லேஸ்வரம், பசவனகுடி போன்ற பழைய பகுதிகளின் வீடுகளில் செங்கல் சுவர்கள் மிகுதி. பிற்காலக் கட்டடங்களில் சிமென்ட் கான்கிரீட் கட்டிகள் பரவலாகப் பயன்படுகின்றன. ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலை போன்ற பகுதிகளின் அடுக்குமாடிகளில் எடை குறைந்த ஏஏசி கட்டிகளோ, அலுமினிய அச்சில் வார்க்கப்பட்ட முழுக் கான்கிரீட் சுவர்களோ இருக்கலாம்.

சிறு துளையிட்டு, உதிரும் தூளைப் பார்த்தாலே சுவரின் வகை பெரும்பாலும் தெரிந்துவிடும். சிவப்புத் தூள் செங்கல்லைக் காட்டும். கடினமாக எதிர்த்து, சாம்பல் நிறத் தூள் வந்தால் அது கான்கிரீட். எளிதில் இறங்கி, வெளிறிய மென்தூள் கொட்டினால் அது ஏஏசி கட்டி.

கான்கிரீட்டுக்கு ஹேமர் வசதியுள்ள டிரில்லிங் மெஷின் தேவை. ஏஏசி கட்டியில் ஹேமரை நிறுத்திவிட்டே துளையிட வேண்டும். இல்லையெனில் துளை அகன்று, திருகு பிடிப்பை இழக்கும். அதற்கென விற்கப்படும் நீளமான நைலான் பிளக்கையே பயன்படுத்த வேண்டும். எந்தச் சுவரானாலும், மேற்பூச்சைக் கடந்து உட்சுவருக்குள் பிளக் முழுவதும் இறங்கியிருக்க வேண்டும். பூச்சை மட்டும் பற்றிய திருகு நெடுநாள் நிற்காது.

சுவிட்ச் பலகைக்கும் ஏசி இணைப்புக்கும் நேர் மேலே துளையிடுவதைத் தவிர்க்கவும். அவ்வழியே மின்கம்பிக் குழாய் செல்லக்கூடும்.

எடைக் கணக்கு

6 அடிக் கம்பியில் மடிப்புகள் அழகாக விழ, ஏறத்தாழ இருமடங்கு அகலத் துணி தேவை. அதாவது 12 அடி அகலம். 7 அடி உயரமும், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையும் கொண்ட தடித்த துணியென்றால் மொத்த எடை 2 கிலோவைத் தாண்டும். நாள்தோறும் இழுக்கும் விசையும் இதனுடன் சேர்கிறது. உள்ளே மெல்லிய துணி, வெளியே தடித்த துணி என இரட்டைக் கம்பி அமைத்தால், பிராக்கெட் சுவரிலிருந்து மேலும் வெளியே நீள்கிறது. திருகின் மீதான இழுப்பும் கூடுகிறது.

கம்பியா, டிராக்கா?

வளையம் பொருத்திய ஐலெட் திரைச்சீலைக்குக் கம்பியே ஏற்றது. சாதாரண டிராக்கில் அதை மாட்ட இயலாது. வழக்கமான படுக்கையறைச் சன்னலுக்கு 1 அங்குலக் கம்பி போதும். நீளம் 6 அடியைத் தாண்டினால் நடுவிலும் ஒரு பிராக்கெட் வேண்டும். ஐலெட் வளையங்கள் அந்த நடு பிராக்கெட்டைக் கடந்து செல்லா. ஆகவே, பக்கத்துக்கு ஒன்றாக இரு திரைகளாகத் தைப்பதே வழி.

பால்கனியின் அகன்ற நகரும் கதவுக்கு டிராக் சிறந்தது. துணி அடியில் தொங்கும் ஓடிகளில் மாட்டப்படுவதால், இடையில் எத்தனை பிராக்கெட் இருந்தாலும் தடையில்லை. கூரையிலும் பொருத்தலாம், வளைந்த சன்னலுக்கு வளைக்கக்கூடிய வகைகளும் உண்டு. ஆனால், ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகை மட்டும் இந்த எடையைத் தாங்காது. பலகைக்குப் பின்னால் பிளைவுட் பட்டை இருக்க வேண்டும். அல்லது திருகு மேலுள்ள கான்கிரீட் தளம் வரை செல்ல வேண்டும்.

அளவு எடுக்கும் முறை

கம்பி, சன்னல் சட்டத்தின் இருபுறமும் 6 முதல் 8 அங்குலம் வரை நீண்டிருந்தால், திரையை ஒதுக்கும்போது வெளிச்சமும் காற்றும் தடைபடா. சட்டத்துக்கு மேல் 4 முதல் 6 அங்குல உயரம் வழக்கமானது. அந்த இடத்தில் பெரும்பாலும் கான்கிரீட் லிண்டல் இருக்கும். துளையிடும்போது டிரில் பிட் கம்பியில் முட்டினால், வலிந்து அழுத்தாமல் துளையைச் சற்றே நகர்த்துவது நல்லது.

வாடகை வீட்டில் இருப்போர்

ஏற்கெனவே உள்ள துளைகளின் இடைவெளியை அளந்து, அதற்குப் பொருந்தும் பிராக்கெட்டைத் தேடுவது முதல் வழி. குடியேறும் நாளிலேயே சுவர்களைப் படமெடுத்து, துளையிடுவதற்கான ஒப்புதலை வீட்டு உரிமையாளரிடம் எழுத்து வடிவில் பெறுவது பின்னாளில் உதவும். சன்னல் இடைவெளிக்குள் அழுத்தி நிறுத்தும் ஸ்பிரிங் கம்பிக்குத் துளையே வேண்டாம். ஆனால், அது மெல்லிய துணிக்கு மட்டுமே ஏற்றது.

குழந்தைகள் உள்ள வீடுகளில்

தொங்கும் இழுகயிறு சிறு குழந்தைகளின் கழுத்தில் சுற்றி உயிரைப் பறிக்கும் ஆபத்துள்ளது. கயிறு இல்லாத வகையைத் தேர்வு செய்வதே பாதுகாப்பு. கயிறு இருந்தால், அதைக் கைக்கு எட்டாத உயரத்தில் இறுக்கிக் கட்ட வேண்டும். தொட்டிலையும் கட்டிலையும் சன்னலிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

சிக்பேட்டையில் துணி வாங்கச் செல்வதற்கு முன் சுவரின் வகை, சன்னலின் அகலம், துணியின் எடை ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இம்மூன்றும் தெரிந்துவிட்டால், கம்பியா டிராக்கா என்ற கேள்விக்கான விடை கடைக்குள் நுழையும் முன்பே கிடைத்துவிடும்.