சாயம் போகும் துணி

ஆரணியாற்றங்கரையிலுள்ள பெரியபாளையத்துக்கு ஆடி மாதத்தில் மஞ்சள் ஆடையுடுத்திச் செல்வோரைக் கண்டிருப்பீர்கள். வீடு திரும்பியதும் அவ்வாடை உங்கள் வெள்ளைச் சீருடையோடு சலவை இயந்திரத்துள் விழுந்தால் என்னவாகும்? சட்டை மஞ்சளாகும், சலவைத்தூளின் காரம் தங்கிய இடமோ சிவக்கும். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் சிவப்பது இயல்பு. நன்னீரில் அலசினால் அச்சிவப்பு மறையும். எஞ்சிய மஞ்சளை வெயில் மெல்ல வெளுக்கச் செய்யும்.

இத்தவறு கடல் கடந்தும் நிகழ்ந்தது. 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க வணிகர் 'மதராஸ்' கட்டத்துணியை வாங்கிச் சென்றார். குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைக்கவேண்டும் என்ற எச்சரிக்கை உடுத்தியோரை எட்டவில்லை. சாயம் கசிந்தது, புகார்கள் குவிந்தன. பின்னர் விளம்பரக்காரர், கசிவதே இத்துணியின் சிறப்பு என்று பறைசாற்றி விற்றனர்! அந்தச் சாமர்த்தியம் நம் வீட்டு வெள்ளைச் சட்டையிடம் செல்லாது.

சாயம் இழையை எவ்வாறு பற்றியுள்ளது என்பதே இங்கு முக்கியம். 1956-இல் விற்பனைக்கு வந்த வினைச்சாயங்கள் பருத்தியோடு வேதிப் பிணைப்புக் கொள்வன. பழைய சாயங்கள் பலவும் வெறுமனே ஒட்டியிருப்பன. வெந்நீர் அவற்றைப் பெயர்த்துவிடும். ஆகவே புதுத்துணியின் உள்மடிப்பை நனைத்து, வெள்ளைத்துணியால் அழுத்திப் பாருங்கள். நிறம் ஏறினால் அதைத் தனியே துவையுங்கள். மற்றவற்றை வெள்ளை, வெளிர்நிறம், அடர்நிறம் எனப் பிரிக்கலாம். பைகளைத் துழாவ மறவாதீர்கள். ஒரு மைப்பேனா போதும், அத்தனை துணியும் பாழாக! உருளையுள் திணித்தலும் ஆகாது. துணி புரண்டு விழ இடம் வேண்டுமன்றோ?

சாயம் ஏறிவிட்டதா? உலரவிடாதீர்கள். ஈரமாயிருக்கும்போதே தனியே மீண்டும் துவையுங்கள்.