இரண்டாம் சுற்றில் நின்ற வண்டி

1976-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24-ஆம் நாள். ஜப்பான் நாட்டின் பியூஜி மலையடிவாரத்திலே மழை கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. பந்தயத் தடமெங்கும் நீர் தேங்கி நின்றது. முன்னே செல்லும் வண்டி எழுப்பும் நீர்த்திவலையில் பின்னே வருபவருக்கு எதுவும் புலப்படவில்லை. அவ்வாண்டின் உலகக் கார்ப் பந்தய வீரர் யார் என்பதைத் தீர்மானிக்கும் கடைசிப் போட்டி அது. புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் நின்றவர் ஆஸ்திரிய நாட்டின் நிக்கி லவுடா. அவருக்கு மூன்றே புள்ளிகள் பின்தங்கி நின்றவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஹண்ட். ஓட்டிகள் பலரும் தயங்கினர், தொடக்கம் தள்ளிப்போயிற்று. இறுதியில் பந்தயம் ஆரம்பமாயிற்று.

இரண்டு சுற்றுகள் முடிந்ததும் லவுடாவின் சிவப்புப் பெராரி வண்டி தன் குழுவினர் நின்ற இடத்திற்குத் திரும்பி வந்து நின்றது. வண்டியில் யாதொரு பழுதும் இல்லை. இந்த மழையில் ஓட்டுவது அறிவீனம், பட்டத்தைவிட உயிர் பெரிது என்பதே அவர் சொன்னதன் சாரம். குழுவின் தலைமைப் பொறியியலாளர் மாரோ போர்கியேரி அவருக்கு ஒரு வழி காட்டினார்: எஞ்சின் கெட்டுவிட்டது என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிடலாமே! லவுடா அதற்கு இசையவில்லை. தாமே நிறுத்தியதாகச் சொன்னார். அப்படியே உலகம் அறிந்தது. ஹண்ட் மூன்றாவதாக வந்து, 69-க்கு 68 என்ற ஒற்றைப் புள்ளி வேறுபாட்டில் பட்டத்தைக் கைப்பற்றினார்.

இத்தாலியப் பத்திரிகைகள் அவரைக் கோழை என்றன. அந்தக் 'கோழை' பன்னிரண்டு வாரங்களுக்கு முன்பு எங்கே கிடந்தார் என்பதை அறிந்தால்தான், வாசகர்களே, அன்று அவர் சொல்ல மறுத்த அச்சிறு பொய்யின் எடை நமக்கு விளங்கும்.

லவுடா 1949-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் வியன்னா நகரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தவர். பாட்டனார் ஹான்ஸ் லவுடா நாடறிந்த தொழிலதிபர். பேரன் கார் ஓட்டிப் பிழைப்பது குடும்ப கௌரவத்துக்கு இழுக்கு என்று கருதிய அவர், பேரனுக்கு ஒரு வங்கியிலிருந்து கிடைக்கவிருந்த உதவியையும் தடுத்துவிட்டார். இளைஞர் வேறொரு வங்கியை நாடினார். ஈடாக வைக்க அவரிடம் இருந்தது ஆயுள் காப்புறுதிப் பத்திரம் ஒன்றே. அதை வைத்துக் கடன் வாங்கி, அந்தப் பணத்தைக் கட்டித்தான் ஒரு பந்தயக் குழுவிலே இடம் பெற்றார். கடனைத் தீர்க்க ஒன்று வெல்ல வேண்டும், அல்லது சாக வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு அது! பெற்ற பிள்ளை இப்படிச் செய்தால் நம்முள் எத்தனை பேர் உறங்குவோம்?

1974-இல் பெராரி நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே உலகப் பட்டம் அவருடையதாயிற்று. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் என்னும் தடத்தை ஏழு நிமிடங்களுக்குள் சுற்றி வந்த முதல் மனிதரும் அவரே. 1975-இல் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 6 நிமிடம் 58.6 விநாடி. அத்தடத்தின் நீளம் ஏறத்தாழ 22.8 கிலோமீட்டர், காடும் மலையும் ஊடறுத்துச் செல்லும் பாதை, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வளைவுகள்.

அந்தத் தடத்தில் எவரையும்விட விரைவாக ஓட்டியவரே, 1976-இல் அங்கே ஓட வேண்டாம் என்று சக ஓட்டிகளின் கூட்டத்தில் வாதாடினார். இத்தனை நீளமான பாதையில் விபத்து நேர்ந்தால் தீயணைப்போரும் மருத்துவரும் உரிய நேரத்தில் வந்து சேர இயலாது என்பது அவர் கட்சி. வாக்கெடுப்பில் தோற்றார். தோற்றபின் மற்றவர்களுடன் தாமும் ஓடினார்.

ஆகஸ்ட் முதல் நாள். அங்கும் இரண்டாவது சுற்றுத்தான். பெர்க்வெர்க் என்னும் வளைவுக்குச் சற்று முன்பாக அவருடைய வண்டி தடம் புரண்டு, கரையில் மோதித் தீப்பற்றியது. பின்னால் வந்த வண்டியும் அதன்மேல் மோதிற்று. தலைக்கவசம் கழன்று போயிற்று. எரியும் வண்டிக்குள் லவுடா கட்டுண்டு கிடந்தார். அவர் முன்னமே அஞ்சியபடி, அவரைக் காப்பாற்றியவர்கள் தீயணைப்போர் அல்லர். பந்தயத்தை மறந்து வண்டியை நிறுத்தி ஓடி வந்த நான்கு ஓட்டிகள். பிரெட் லங்கர், கை எட்வர்ட்ஸ், ஹரால்ட் எர்ட்ல், ஆர்ட்டூரோ மெர்சாரியோ என்பன அவர்கள் பெயர்கள். தீக்குள் கையை விட்டு இருக்கை வாரை அவிழ்த்தவர் மெர்சாரியோ. இவர் யாரெனில், பெராரிக் குழுவில் முன்பு ஓட்டியவர். 1973-ஆம் ஆண்டோடு அங்கே இடம் இழந்தவர். அடுத்த ஆண்டு அந்தக் குழுவில் வந்து அமர்ந்தவர்தான் லவுடா. இருவருக்குமிடையே நட்பு என்று சொல்லத்தக்கது ஒன்றும் இருக்கவில்லை. தீயின் முன்னே மெர்சாரியோ அதையெல்லாம் எண்ணிக்கொண்டு நின்றதாகத் தெரியவில்லை.

வெளியே எடுக்கப்பட்டபோது லவுடாவால் எழுந்து நிற்கவும் முடிந்தது. முகமும் தலையும் கருகியிருந்தன, வலக்காதின் பெரும்பகுதி போயிற்று, இமைகள் வெந்துபோயின. ஆயினும் பேராபத்து வெளியே தெரியாத இடத்தில் இருந்தது. எரிந்த வண்டியின் நச்சுப் புகை நுரையீரலையும் இரத்தத்தையும் கெடுத்திருந்தது. மான்ஹைம் நகர மருத்துவமனையில் நினைவு வருவதும் போவதுமாக நாட்கள் கழிந்தன. பிழைப்பது அரிது என்ற நிலையில் குருவானவர் அழைக்கப்பட்டார்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குருவானவர் வந்தார், பூசுதல் சடங்கை முறைப்படி நிறைவேற்றினார், ஆறுதலாக ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டார். கடவுள் துணையால் பிழைத்துவிடுவாய் என்று ஒரு சொல் வருமென லவுடா எதிர்பார்த்துக் கிடந்தாராம். அது வராமற்போகவே, 'நான் சாகப் போவதில்லை' என்று கத்த வேண்டும்போல் அவருக்குச் சினம் பொங்கிற்று. இதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம், இவ்வருட்சாதனத்தை 'நோயில் பூசுதல்' என்று அழைப்பதே தகும் எனக் கூறியது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் புதிய சடங்கு முறையையும் ஏற்படுத்தினார். லவுடாவின் கட்டிலருகே அது நிகழ்ந்தது அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர். ஆனால் பெயர் மாறிய வேகத்தில் பழக்கம் மாறிவிடுகிறதா? 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழைய பெயரே நம் முதியோர் நாவில் நிலைத்திருக்கிறது. சாமியார் எண்ணெயோடு வாசற்படி ஏறினால், உள்ளே அழுகைக் குரல் எழும்பும் வீடுகள் நம்மிடையே இல்லாமல் இல்லை. படுத்திருப்பவரோ கண்ணை மூடிக்கொண்டு அனைத்தையும் கேட்டுக்கொண்டிருப்பார். நோயாளியைக் காணச் செல்லும் எவருக்கும் மான்ஹைம் மருத்துவமனையில் நிகழ்ந்தது நினைவில் இருக்கட்டும்.

லவுடா பிழைத்தார். பிழைத்தது மட்டுமன்று, விபத்து நிகழ்ந்த 42-ஆம் நாள், செப்டம்பர் 12 அன்று, இத்தாலியின் மோன்சா நகரில் மறுபடியும் பந்தய வண்டியில் அமர்ந்தார். புண்கள் ஆறவில்லை. தலையில் சுற்றியிருந்த கட்டில் இரத்தம் கசிந்தது. நான்காவதாக வந்தார். உலகம் வியந்தது, இன்றளவும் அவரைப் பற்றி எழுதுவோர் யாவரும் மோன்சாவைத்தான் வீரத்தின் சிகரமாகக் காட்டுவர்.

ஆனால் மோன்சாவைப் பற்றி அவர் எழுதி வைத்தது வேறு. அச்சத்தை எளிதில் வென்றுவிட்டதாக அன்று தாம் சொன்னது பொய் என்றும், உண்மையில் பயிற்சியின்போது உடல் விறைத்துப் போகுமளவு பயந்ததாகவும் பின்னாளில் தம் வரலாற்றில் ஒப்புக்கொண்டார். போட்டியாளர்கள் முன் பலவீனத்தைக் காட்டலாகாது என்று அப்போது மறைத்தாராம். ஆக, மோன்சாவில் ஓடியபோது ஒரு பொய் சொன்னவர், ஆறு வாரங்கள் கழித்துப் பியூஜியில் நின்றபோது, கையில் கொண்டுவந்து கொடுத்த பொய்யை வேண்டாமென்றார்.   மோன்சாவைக் காட்டிலும் பியூஜியே அவருடைய பெரிய நாள் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் பலர் இருப்பர்.

பின்னைய பந்தயக் கதையை விரைந்து சொல்லிவிடலாம். 1977-இல் பட்டத்தை மீண்டும் வென்று, பருவம் முடியும் முன்பே பெராரியை விட்டு நீங்கினார். 1979-இல் கனடா நாட்டுப் பந்தயத்திற்கான பயிற்சியின் நடுவிலேயே, சுற்றிச் சுற்றி ஓட்டுவது சலித்துவிட்டதென்று இறங்கிப் போனார். 1982-இல் மக்லாரன் குழுவில் திரும்பி வந்தார். 1984-இல் மூன்றாம் முறையாக உலகப் பட்டம். சக ஓட்டி அலன் புரோஸ்டை அவர் முந்தியது அரைப் புள்ளியால். மொனாக்கோவில் மழையால் பாதியில் நிறுத்தப்பட்ட போட்டிக்குப் பாதிப் புள்ளிகளே வழங்கப்பட்டதால் விளைந்த அரை அது. மழையால் 1976-இல் போனது மழையாலேயே வந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1985-இல் ஓய்வு பெற்றபோது அவர் வென்ற பந்தயங்கள் 25. வெற்றிக் கோப்பைகளையெல்லாம் ஊரிலிருந்த கார்ப் பட்டறைக்காரரிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் தம் காரை இலவசமாகக் கழுவிக்கொண்டார் என்பது அவரைப் பற்றி வழங்கும் கதை.

விமானம் ஓட்டுவதிலும் அவர் தேர்ந்தவர். 'லவுடா ஏர்' என்ற விமான நிறுவனத்தை நிறுவி, பயணிகள் விமானங்களைத் தாமே ஓட்டியும் வந்தார். 1991-ஆம் ஆண்டு மே 26 அன்று, பாங்காக்கிலிருந்து வியன்னா நோக்கிப் புறப்பட்ட அந்நிறுவனத்தின் போயிங் 767 விமானம், ஏறிய சுமார் கால் மணி நேரத்தில் தாய்லாந்துக் காட்டிலே சிதறி விழுந்தது. 223 பேர் மாண்டனர். ஒருவரும் தப்பவில்லை.

தமக்கு நேர்ந்த விபத்தைவிட இதுவே கொடியது என்று லவுடா கருதினார். தம் உயிரைத் தாமே பணயம் வைப்பது வேறு. சீட்டு வாங்கிக்கொண்டு நம்பி ஏறியவர்களின் உயிர் வேறு. விழுந்த இடத்திற்கு நேரில் சென்றார். தம் நிறுவனத்தின் குற்றமென்று தெரியவந்தால் தொழிலையே விட்டுவிடுவது என்ற எண்ணத்தோடு காரணத்தைத் தேடினார். தரை தொட்டபின் வேகத்தைத் தணிப்பதற்காக எஞ்சினின் உந்துவிசையை முன்புறமாகத் திருப்பும் அமைப்பு ஒன்று விமானங்களில் உண்டு. அது நடுவானில், ஒரு பக்கத்து எஞ்சினில் மட்டும், தானே திறந்துகொண்டது என்பது புலனாயிற்று. அப்படித் திறந்தாலும் விமானத்தைச் சமாளிக்கலாம் என்பதே அதுவரை நிலவிய நம்பிக்கை. லவுடா பயிற்சிப் பொறியில் அமர்ந்து அதே நிலையை உண்டாக்கிப் பலமுறை முயன்று பார்த்தார். ஒரு தடவைகூட விமானத்தை மீட்க முடியவில்லை.

இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று போயிங் நிறுவனத்தை அவர் வற்புறுத்தினார். தயங்கினார்கள். சமாளிக்கலாம் என்பது உங்கள் துணிபானால், எனக்கொரு 767 கொடுங்கள். நானே மேலே கொண்டுபோய் அதைத் திறந்து பார்க்கிறேன் என்றார். அதன்பின்னரே அந்த நிலையில் விமானி எவராலும் தப்ப முடியாது என்ற அறிவிப்பு வந்தது. திருப்பு அமைப்புக்கு மேலும் ஒரு பூட்டுப் பொருத்தப்பட்டது. இறந்துபோன விமானிகளின் மேல் பழி நிற்காமற்போயிற்று. பியூஜியில் எஞ்சினின்மேல் பொய்ப்பழி போட மறுத்தவர், எஞ்சினின் மெய்ப்பழியை மனிதர்மேல் போட விடவில்லை.

விபத்தின் தழும்புகளை அவர் அறுவையால் மறைத்துக்கொள்ளவில்லை. கண் பார்வைக்கு இன்றியமையாத சிகிச்சை மட்டும் செய்துகொண்டு, தலையில் ஒரு சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். அது வாழ்நாளெல்லாம் அவருக்கு அடையாளமாயிற்று. 1997-இல் சிறுநீரகம் பழுதுற்றபோது உடன்பிறந்த தம்பி தம்முடையதில் ஒன்றைத் தந்தார். அதுவும் பயனற்றுப் போக, 2005-இல் பிர்கிட் என்ற பெண்மணி தந்தார். லவுடாவின் நிறுவனத்தில் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர் அவர். 2008-இல் லவுடாவின் மனைவியானார். நெருப்பிலிருந்து நால்வர் இழுத்துப்போட்ட உயிரை அடுத்து இருவர் தம் உடலைப் பகிர்ந்து தாங்கினர்.

சமய வாழ்வில் அவரை முன்மாதிரி என்று காட்ட நான் வரவில்லை. திருச்சபை வரி கட்ட மனமின்றிச் சிலகாலம் சபையை விட்டு விலகியிருந்ததாக அவரே ஒரு பேட்டியில் சொன்னார். இப்படிக் காரணத்தை ஒளிக்காமல் சொல்பவர்களும் குறைவு! தம் குழந்தைகள் இருவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது மறுபடியும் வந்து சேர்ந்துகொண்டாராம்.

2018 ஆகஸ்டில் வியன்னாவில் அவருக்கு மாற்று நுரையீரல் பொருத்தப்பட்டது. 2019 மே 20 அன்று, எழுபதாம் வயதில் காலமானார். மே 29 அன்று வியன்னாவின் புனித முடியப்பர் பேராலயத்தில் அவர் உடல் வைக்கப்பட்டது. காலை முதல் ஆயிரக்கணக்கான மக்கள் வரிசையில் நின்று கடந்து சென்றனர். பின்னர் இரங்கல் திருப்பலி நடந்தது. 1984-இல் அரைப் புள்ளியில் தோற்ற அலன் புரோஸ்டும் வந்திருந்தார். சவப்பெட்டி மூடியிருந்தது. அதன்மேல் அவருடைய பந்தயத் தலைக்கவசம் வைக்கப்பட்டிருந்தது.