கடைசிப் பத்து மீட்டர்

கிராமங்களுக்குக் கண்ணாடி இழை வழியே இணையம் கொண்டு செல்லும் மத்திய அரசின் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்று, 2015-இல் 'பாரத்நெட்' எனப் பெயர் மாறியது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு 'டான்ஃபிநெட்' நிறுவனத்திடம் உள்ளது. இத்தகைய திட்டங்களின் கணக்கு வீட்டு வாசலோடு முடிந்துவிடுகிறது. வாசலிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டி வரையிலான பத்து மீட்டர் எவர் கணக்கிலும் வருவதில்லை.

ஏற்காடு ஒன்றியத்தில் நான் வசிக்கும் வாழவந்தி போன்ற மலையூர்களில் இந்தப் பத்து மீட்டரே பெரும் தடை. பழைய வீடுகளின் கருங்கல் சுவர்கள் வைஃபை அலைகளை விழுங்கிவிடுகின்றன. வேகம் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சுவரைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சற்றுத் தொலைவு செல்லும். ஆனால் வேகம் குறைவு. சுவரைத் துளைக்க வாடகைக்குக் குடியிருப்பவருக்கு உரிமையும் இல்லை.

கைப்பேசி இணையத்தைத் தொலைக்காட்சிக்குப் பகிர்ந்தால் என்ன? தெளிவான படத்துக்கு வினாடிக்குச் சுமார் 5 மெகாபிட் வேகம் தேவை. அதாவது மணிக்கு 2.25 ஜி.பி. நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. தரும் திட்டம் நாற்பது நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

புதிய கம்பி இழுக்காமலேயே தீர்வு காண இயலும். முதலில் மோடத்தை வீட்டின் நடுப்பகுதிக்கு, உயரமான இடத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். அது போதாதெனில், இடையில் 'மெஷ்' கருவி ஒன்றை வைக்கலாம். அதை அலை வலுவாக உள்ள இடத்தில் வைக்க வேண்டுமேயன்றி, அலை எட்டாத அறையில் வைத்துப் பயனில்லை.

அடுத்தது, சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் மின்கம்பி. மோடத்தின் அருகே ஓர் இணைப்பானையும் தொலைக்காட்சியின் அருகே மற்றொன்றையும் செருகினால், மின்கம்பியே இணையத்தைச் சுமந்து செல்லும். இரண்டையும் நேரடியாகச் சுவர்ச் செருகியில் பொருத்த வேண்டும். நீட்டிப்புப் பெட்டியில் பொருத்தினால் வேகம் குன்றும். மும்முனை மின்சாரம் உள்ள வீடுகளில் இரு செருகிகளும் ஒரே முனையில் அமைவது நல்லது.

மூன்றாவது, கேபிள் டிவிக்காக அறைகளுக்கிடையே இழுத்த கம்பி. 'மோக்கா' இணைப்பான்கள் அதன் வழியே மிக வேகமான இணையத்தைத் தரும். ஆனால், டிஷ் ஆன்டெனா பயன்படுத்தும் கம்பியில் இரண்டின் அலைவரிசைகளும் மோதும் என்பதால் அது பொருந்தாது.

இது பொழுதுபோக்குப் பற்றிய கவலை மட்டுமன்று. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. கரோனா காலத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் தொலைக்காட்சி வழியே வந்தது. மலையூர்ப் பிள்ளை அதே பாடத்தைக் கைப்பேசியின் சிறு திரையில், தரவு தீருமுன் பார்த்து முடிக்க வேண்டுமென்பது சமவாய்ப்பு ஆகாது.

மேற்சொன்ன கருவிகள் இருக்கும் வீடுகளுக்கானவை. இனி எழும் வீடுகளுக்கு அவை தேவைப்படவே கூடாது. 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்ட அரசு இலக்கு வைத்துள்ளது. சுவர் எழும்போதே வாசலிலிருந்து உள்ளறை வரை வெறும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் பதித்து வைத்தால், பின்னாளில் எந்தக் கம்பியையும் சுவரை உடைக்காமல் நுழைக்கலாம். கட்டும்போது சில நூறு ரூபாயில் முடிவதைப் பிறகு பல மடங்கு செலவிட்டுச் செய்வது சிக்கனமாகாது. வீட்டு வரைபடத்தில் ஒரு கோடு கூடுதலாக வரைந்தால் போதும். அரசு ஆவன செய்ய வேண்டும்.