கரண்ட் போனால் பைல் பிழைக்குமா? பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கும் சோதனை

2012-ஆம் ஆண்டு. மின்வெட்டு உச்சத்தில் இருந்த நேரம். என் அக்கா இன்ஜினியரிங் இறுதியாண்டு படித்துக் கொண்டிருந்தாள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். யு.பி.எஸ். பேட்டரி செத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. புராஜெக்டுக்கான புரோகிராமை நோட்பேடில் டைப் செய்து கொண்டிருந்தவள், கரண்ட் போகும் நேரம் நெருங்குகிறதே என்று கன்ட்ரோல் கீயையும் எஸ் கீயையும் சேர்த்து அழுத்தி சேவ் செய்தாள். இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும். எல்லாம் இருட்டு.

கரண்ட் வந்ததும் பைலைத் தேடினோம். பைல் இருந்தது. பெயர் சரி. அளவு 31 கேபி, அதுவும் சரி. திறந்தால் வெறும் வெள்ளை! கர்சரை நகர்த்தினால் நகர்கிறது, ஆனால் ஓர் எழுத்துகூட இல்லை. "சேவ் பண்ணேன்டா, நீ பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே?" என்று அக்கா என்னைச் சாட்சிக்கு அழைத்தாள். அவள் சேவ் செய்தது உண்மை. தோழியிடம் இருந்த பழைய பிரின்ட்அவுட்டை வாங்கி வந்து இரண்டு இரவுகள் உட்கார்ந்து மறுபடி டைப் செய்தாள்.

அளவு சரியாக இருக்கும்போது உள்ளே மட்டும் எப்படிக் காலியாகும்? இதற்கு விடை தெரிய நானும் இன்ஜினியரிங் முடித்து, சாப்ட்வேர் வேலைக்கு வந்து, கரண்டைத் துண்டித்துச் சோதிப்பதையே வேலையின் ஒரு பகுதியாகச் செய்ய வேண்டியிருந்தது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் இந்த மாதம் அதைப் பார்ப்போம்.

சேவ் கொடுத்ததும் என்ன நடக்கிறது?

நீங்கள் சேவ் கொடுத்தவுடன் பைல் ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்விடுகிறது என்று நினைக்கிறீர்கள் அல்லவா? பெரும்பாலும் அப்படி இல்லை. முதலில் அது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கையில், அதாவது ராம் மெமரியில் போய் உட்கார்கிறது. ஹார்ட் டிஸ்க் மெதுவானது. ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் அதை எழுப்பினால் கம்ப்யூட்டர் நத்தை போல நகரும். எனவே ஆபரேட்டிங் சிஸ்டம் நிறைய வேலைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு மொத்தமாக எழுதுகிறது. லினக்ஸில் வழக்கமான அமைப்பின்படி, எழுத வேண்டிய டேட்டா சுமார் 30 விநாடிகள் வரை மெமரியிலேயே காத்திருக்கலாம்.

சரி, 30 விநாடி கழித்து டிஸ்க்குக்கு அனுப்பியாகிவிட்டது. இப்போதாவது எழுதியாகிவிட்டதா? அதுவும் நிச்சயமில்லை! ஹார்ட் டிஸ்க்குக்கு உள்ளேயே கேஷ் எனப்படும் சின்ன மெமரி ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து டிஸ்க்குகளில் 2 எம்பி, 8 எம்பி என்று இருந்தது. இன்றைய பெரிய டிஸ்க்குகளில் 256 எம்பி கூட உண்டு. டேட்டா அங்கே வந்து சேர்ந்ததுமே "எழுதிவிட்டேன்" என்று டிஸ்க் பதில் சொல்லிவிடும். காந்தத் தகட்டில் பதிவது அதற்குப் பிறகுதான். இந்த இரண்டு மெமரிகளுமே கரண்ட் போனால் துடைத்து வைத்தாற்போல் காலியாகிவிடும்.

ஜர்னல் என்னும் குறிப்பு நோட்டு

விண்டோஸ் 98 பயன்படுத்திய மூத்த வாசகர்களுக்கு ஒரு நீலத் திரை நினைவிருக்கும். முறையாக ஷட்டவுன் செய்யாமல் அணைத்தால், அடுத்த முறை ஸ்கேன்டிஸ்க் வந்து முழு டிஸ்க்கையும் துழாவும். எந்தப் பைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் ஏற்பாட்டைத்தான் பைல் சிஸ்டம் என்கிறோம். அப்போதிருந்த பேட் என்ற பைல் சிஸ்டத்தில், பாதியில் நின்ற வேலை எது என்று தெரிந்துகொள்ள வழியே கிடையாது. அதனால்தான் அந்தத் துழாவல்.

இதற்கு வந்த மாற்றுதான் ஜர்னல். "இதைச் செய்யப் போகிறேன்" என்று ஒரு நோட்டில் முதலில் குறித்துக்கொண்டு பிறகு வேலையைச் செய்வது. கரண்ட் போய் வந்தால் நோட்டைப் பார்த்து, பாதியில் நின்றதை முடிக்கலாம் அல்லது ரத்து செய்யலாம். 1993-இல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்த என்.டி.எப்.எஸ்., 2001-இல் லினக்ஸில் சேர்ந்த இ.எக்ஸ்.டி.3 ஆகியவை இந்த வகை. இன்றைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களிலும் என்.டி.எப்.எஸ்.தான் இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. என்.டி.எப்.எஸ்.ஸின் நோட்டில் பைலின் பெயர், அளவு, டிஸ்க்கில் அது இருக்கும் இடம் ஆகிய விவரங்கள் மட்டும்தான் எழுதப்படும். உள்ளே நீங்கள் டைப் செய்த எழுத்துகள் அதில் இருக்காது. அக்காவின் பைலுக்கு நடந்தது இதுதான். "31 கேபி" என்ற விவரம் கரண்ட் போகும் முன் போய்ச் சேர்ந்துவிட்டது, எழுத்துகள் சேரவில்லை. எழுதப்படாத இடத்தை என்.டி.எப்.எஸ். பூஜ்யங்களாகக் காட்டிவிடும். இது வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடுதான். இல்லாவிட்டால் அந்த இடத்தில் முன்பு இருந்து அழிக்கப்பட்ட வேறு யாருடைய பைலாவது உங்கள் பைலுக்குள் எட்டிப் பார்க்கும்!

சீல் போட்ட கவுன்டர்பாயில்

அப்படியானால் பைல் சிஸ்டத்தை நம்பவே கூடாதா? நம்பலாம். அது எதற்கு வாக்குக் கொடுத்திருக்கிறது என்று தெரிந்து நம்ப வேண்டும்.

வங்கியில் பணம் கட்டப் போகிறீர்கள். பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து அனுப்பினால் அது போகும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது. நேரே கவுன்டரில் கட்டி, சீல் போட்ட கவுன்டர்பாயில் வாங்கினால் அதற்கு மேல் வங்கிதான் பொறுப்பு. சாதாரண சேவ் என்பது பையனிடம் கொடுத்து அனுப்புவது. கவுன்டர்பாயில் கேட்பதற்கும் ஒரு கட்டளை உண்டு. லினக்ஸில் எப்சிங்க், விண்டோஸில் பிளஷ் பைல் பபர்ஸ். "டிஸ்க்கில் உண்மையிலேயே பதிந்த பிறகுதான் எனக்குப் பதில் சொல்" என்று அர்த்தம். இதை நாம் தட்ட முடியாது. புரோகிராம் எழுதுபவர்தான் பயன்படுத்த வேண்டும்.

சோதனையின் கேள்வியும் இங்கேதான் பிறக்கிறது. கரண்ட் போனால் கடைசிச் சில விநாடிகளின் வேலை போகலாம். அது குற்றமில்லை. கவுன்டர்பாயில் கொடுத்த பிறகு டேட்டா காணாமல் போனால்தான் குற்றம். கவுன்டர்பாயில் தராத பைலிலும் பழையது முழுதாக இருக்கலாம், புதியது முழுதாக இருக்கலாம். இரண்டுங்கெட்டானாக இருக்கக்கூடாது என்று புரோகிராம் எழுதுபவர்கள் எதிர்பார்க்கிறார்கள். எல்லா பைல் சிஸ்டமும் இதற்கு வாக்குக் கொடுப்பதில்லை. அக்காவின் பைல் போனதும் அந்த இடைவெளியில்தான்.

இரண்டு கம்ப்யூட்டர் வைத்து ஒரு விசாரணை

பிராட் பிட்ஸ்பாட்ரிக் என்பவர் லைவ்ஜர்னல் என்ற இணையதளத்தை உருவாக்கியவர். 2005 ஜனவரியில் அதன் சர்வர்கள் இருந்த இடத்தில் மின்சாரம் நின்றுபோனது. மின்சாரம் திரும்பிய பின்பும் தளம் உடனே எழ முடியவில்லை. டேட்டாபேஸ்களைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு அவர் டிஸ்க்செக்கர் என்ற சின்னப் புரோகிராமை எழுதினார். அதன் யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

செத்துப்போகப் போகும் கம்ப்யூட்டர், தான் என்ன எழுதியது என்று பிறகு சாட்சி சொல்ல முடியாது. அதன் நினைவும் சேர்ந்தே போய்விடும். எனவே இரண்டாவது கம்ப்யூட்டர் ஒன்றை நெட்வொர்க்கில் இணைக்கிறார்கள். முதல் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் எழுதும், எப்சிங்க் கேட்கும், பதில் வந்ததும் "இத்தனையாவது துண்டு பதிந்துவிட்டது" என்று இரண்டாவதற்குச் சொல்லும். நடுவில் முதல் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்க வேண்டும். திரும்ப ஆன் செய்து, இரண்டாவது கம்ப்யூட்டர் குறித்து வைத்த பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பட்டியலில் இருப்பது டிஸ்க்கில் இல்லையென்றால் எங்கோ ஒருவர் பொய் சொல்லியிருக்கிறார். சீல் போட்டுக் கொடுத்துவிட்டுப் பணத்தை மேஜை டிராயரிலேயே வைத்திருந்த கதைதான்.

இங்கே ஒரு விஷயம். பிளக்கைத்தான் பிடுங்க வேண்டும். ரீசெட் பட்டனை அழுத்தினால் போதாது. ரீசெட் செய்யும்போது ஹார்ட் டிஸ்க்குக்குக் கரண்ட் போய்க்கொண்டேதான் இருக்கும். அதன் கேஷில் உள்ளது நிதானமாகத் தகட்டுக்குப் போய்விடும். குட்டு வெளிப்படாது.

எங்கள் அலுவலகத்தில் கையால் பிடுங்குவதில்லை. கம்ப்யூட்டரின் மின் இணைப்பில் ஒரு ரிலேயை மாட்டி, இன்னொரு கம்ப்யூட்டர் அதை இயக்கும். சனி, ஞாயிறு முழுக்க ஆள் இல்லாத அறையில் 'டக்... டக்...' என்று அணைந்து அணைந்து எரியும். ஒரு முறை, பதிவு பைல் நிரம்பிப் புதிய பைலுக்கு மாறும் அந்த நொடியில் கரண்ட் போனால் மட்டுமே வரும் ஒரு பிழையைப் பிடித்தோம். பல இரவுகள் ஓடிய பிறகு ஒரே ஒரு முறை வந்தது. திரும்ப வரவழைக்கப் பட்ட பாடு தனிக்கதை.

பிடுங்காமலே பிடுங்குவது

இந்த முறையின் பலவீனமும் அதுதான். கரண்ட் எந்த நொடியில் போகிறது என்பது அதிர்ஷ்டம். 2009-இன் தொடக்கத்தில், உபுண்டு 9.04 லினக்ஸை வெளியீட்டுக்கு முன்பே பயன்படுத்தியவர்கள், கம்ப்யூட்டர் திடீரென நின்றுபோய்த் திரும்பியதும் பல பைல்கள் 0 அளவில் கிடப்பதாகப் புகார் செய்தார்கள். புதிய இ.எக்ஸ்.டி.4 பைல் சிஸ்டம், வேகத்துக்காக டேட்டாவுக்கு இடம் ஒதுக்குவதையே தள்ளிப் போட்டதுதான் காரணம். பழைய இ.எக்ஸ்.டி.3 சுமார் 5 விநாடிக்கு ஒரு முறை எழுதிவந்ததால், கவுன்டர்பாயில் கேட்காத சோம்பேறிப் புரோகிராம்களும் தப்பித்து வந்தன. அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான தியடோர் ட்ஸோ, எப்சிங்க் கேட்பதுதான் முறை என்றார். ஆனாலும் இத்தகைய புரோகிராம்களையும் காப்பாற்றும் மாற்றம் லினக்ஸ் 2.6.30-இல் சேர்க்கப்பட்டது. என் கட்சி, பயனாளர் பக்கம். பைலை இழந்தவரிடம் "விதிமுறை அப்படி" என்று சொல்லி என்ன பயன்?

அதிர்ஷ்டத்தை நம்பாமல் இருக்க, 2018-இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தினர் கிராஷ்மங்கி என்ற கருவியை வெளியிட்டார்கள். டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு எழுத்து வேலையையும் இது பதிவு செய்துகொள்ளும். பிறகு "கவுன்டர்பாயில் கொடுத்த இந்த நொடியில் கரண்ட் போயிருந்தால் டிஸ்க் எப்படி இருக்கும்?" என்று ஒரு போலி டிஸ்க்கை உருவாக்கி, பைல் சிஸ்டத்தை அதில் எழுப்பிப் பார்க்கும். பிளக்கைத் தொடவே வேண்டாம். பைலை உருவாக்கு, பெயர் மாற்று, இணைப்புக் கொடு போன்ற வேலைகளை மூன்று மூன்றாகக் கோத்து லட்சக்கணக்கான சோதனைகளைத் தானே தயாரித்துக்கொள்ள ஏஸ் என்ற துணைக்கருவியும் உண்டு. பலரும் நம்பிப் பயன்படுத்தும் லினக்ஸ் பைல் சிஸ்டங்களில் 10 புதிய பிழைகள் சிக்கின. அவற்றில் 7, 2014 முதலே யார் கண்ணிலும் படாமல் இருந்தவை! பெயர் மாற்றும் நேரத்தில் கரண்ட் போனால் பைலே காணாமல் போவதும் அவற்றில் ஒன்று. கணித முறையில் சரியென நிரூபிக்கப்பட்ட எப்.எஸ்.சி.க்யூ. என்ற பைல் சிஸ்டத்திலும் ஒரு பிழை கிடைத்தது. நிரூபணத்துக்குள் வராத பகுதியில் அது இருந்தது.

எஸ்.எஸ்.டி. வாங்கியவர்கள் கவனிக்க: 2013-இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்.பி. ஆய்வகமும் 15 எஸ்.எஸ்.டி.களைக் கரண்டைத் துண்டித்துச் சோதித்தபோது 13-இல் ஏதாவது ஒரு கோளாறு தெரிந்தது. சர்வர்களுக்கான எஸ்.எஸ்.டி.களில் கரண்ட் போனதும் மிச்ச வேலையை முடிக்க கெப்பாசிட்டர்கள் வைக்கிறார்கள். வீட்டு உபயோகத்துக்கானவற்றில் பெரும்பாலும் இது இருப்பதில்லை.

நீங்களே செய்து பார்க்க

உங்கள் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள்! காலியான பழைய பென் டிரைவ் ஒன்று போதும். அதைப் பொறுத்தவரை, உருவப்படுவதும் கரண்ட் போவதும் ஒன்றுதான்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்க் டிரைவ்ஸ் பகுதியில் உங்கள் பென் டிரைவை டபுள் கிளிக் செய்து, பாலிசீஸ் டேபுக்குப் போங்கள். குயிக் ரிமூவல், பெட்டர் பெர்பாமன்ஸ் என இரண்டு தேர்வுகள் இருக்கும். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல் குயிக் ரிமூவல்தான் தானாக அமைந்திருக்கும். சோதனைக்காக மட்டும் பெட்டர் பெர்பாமன்ஸுக்கு மாற்றுங்கள். இருநூறு புகைப்படங்கள் உள்ள போல்டர் ஒன்றைக் காப்பி செய்யுங்கள் (ஒரிஜினல் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கட்டும்). காப்பி ஆகும் பெட்டி மறைந்த மறு விநாடி உருவிவிடுங்கள். மீண்டும் செருகி ஒவ்வொரு படமாகத் திறந்து பாருங்கள். சில முறை செய்தால், பெயர் மட்டும் இருந்து படம் திறக்காத பைல்களைக் காண வாய்ப்பு அதிகம். அடுத்து குயிக் ரிமூவலுக்கு மாற்றி அதையே செய்து பாருங்கள். காப்பி முடிய நேரம் கூடுவதையும் கவனிக்கலாம்.

முக்கியமான வேலைகளுக்கு நான் செய்வது இது. ஒரே பைலின் மேல் திரும்பத் திரும்ப சேவ் செய்யாமல், சேவ் அஸ் மூலம் 1, 2, 3 என்று எண் சேர்த்துப் புதுப் பெயரில் வைப்பேன். கரண்ட் போனால் மாட்டுவது அப்போது எழுதப்படும் பைல்தான். அதற்கு முந்தையது தொடப்படுவதில்லை. டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ். பேட்டரியை உயிரோடு வைத்திருங்கள். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது என்றாலும், அது தொங்கி நிற்கும்போது பவர் பட்டனை நீண்ட நேரம் அழுத்துவது பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம்.

சோதனை முடிந்ததும் பாலிசீஸ் டேபில் குயிக் ரிமூவல் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, பென் டிரைவை பார்மட் செய்துவிடுங்கள். அதில் உள்ள படங்கள் சரியாகத் திறந்தாலும் வைத்துக்கொள்ள வேண்டாம்.