எட்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டும் பிள்ளைகள்

1834-இல் சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். நாகர்கோவிலில் கற்பித்துக்கொண்டிருந்த ஜான் ராபர்ட்ஸ் அதை நடத்த வந்தார். பின்னால் ராஜாஸ் ஃப்ரீ ஸ்கூல் என்று பெயர் பெற்ற அந்தப் பள்ளி வளர்ந்ததுதான் இன்று பாளையத்தில் இருக்கும் யூனிவர்சிட்டி காலேஜ்.

அப்படித் தொடங்கிய ஆங்கிலப் படிப்பில், மேல்வகுப்புகளை ஃபாரம் என்று அழைத்த காலத்தில், நான்காம் வகுப்புவரை தாய்மொழி படித்துத் தேறிய பிள்ளைதான் பிரிப்பரேட்டரி வகுப்பில் ஏ, பி, சி தொடங்கும். ஸ்பெல்லிங்கை உரக்கச் சொல்ல வேண்டும். காப்பி நோட்டு எழுத வேண்டும். டிக்டேஷனில் தவறினால் இம்போசிஷன், கூடவே பிரம்படி. அதைப் பொற்காலம் என்று சொல்லும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாசிக்க வராத பையன் தோற்றான், அதே ஃபாரத்தில் மறுபடி தோற்றான், பிறகு திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எடுபிடியாக நின்றான். பெண்பிள்ளை அடுப்படியோடு சரி. தேறியவர்களின் கையெழுத்தையும் இலக்கணத்தையும்தான் நாம் இன்று மெச்சிக்கொண்டிருக்கிறோம்.

இன்று யாரையும் வெளியே தள்ளுவதில்லை. இது பெரிய விஷயம். முதல் வகுப்பிலேயே ஆங்கிலம் வந்துவிட்டது. கேரள அரசின் பூஜப்புரை எஸ்.சி.இ.ஆர்.டி. தயாரிக்கும் வண்ணப் புத்தகம், ‘ஹலோ இங்கிலீஷ்’ திட்டம், அரசின் கைட் நிறுவனத்தின் கணினி மொழிப் பயிற்சி எல்லாம் இருக்கின்றன. 2023-இல் கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 99.70 சதவீதம். அதே ஆண்டு டிசம்பரில், சரியாக வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் ஏ பிளஸ் கிடைக்கிறது என்று அப்போதைய பொதுக்கல்வி இயக்குநர் எஸ். ஷானவாஸ் ஆசிரியர்களிடம் பேசியது வெளியே கசிந்து சர்ச்சையானது. அது அரசின் கருத்தல்ல என்றார் கல்வி அமைச்சர்.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். வரிக்கு மேலே அதன் உச்சரிப்பு, பென்சிலில் பொடிப்பொடியாக மலையாள எழுத்தில். வாசிக்கச் சொன்னால் சரளமாக வரும், ஏனென்றால் கண் ஓடுவது பென்சில் வரியில். அதைக் கையால் மறைத்தால் முதல் சொல்லிலேயே குரல் நின்றுவிடும். சாலைப் பகுதியிலுள்ள அரசுத் தமிழ்ப் பள்ளி போன்ற இடங்களில் தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ‘பெரிய’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் பன்றிக்கான சொல்லும் தமிழ் எழுத்தில் ஒரே ‘பிக்’தான். மலையாளத்திலாவது இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து இருக்கிறது.

நம் மொழிகளில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரும்பாலும் ஒன்று. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்துகள் சேர்ந்து ‘தோ’வில் ஒரு விதமாகவும் ‘த்ரூ’வில் வேறு விதமாகவும் ‘டஃப்’பில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கும். இதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித்தர வேண்டும். 1990-களில் டி.பி.இ.பி. என்ற மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தோடு பரவிய முறையோ கதையிலும் முழு வாக்கியத்திலும் தொடங்கி எழுத்துக்கு இறங்குவது. கூச்சமின்றிப் பேச அது உதவியது. ஆனால் எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வேலை பல பிள்ளைகளுக்கு நடக்காமலே போயிற்று. வீட்டில் சொல்லித்தர ஆளுள்ள பிள்ளை சமாளித்துக்கொண்டது. ஆளில்லாத பிள்ளைதான் பென்சிலை எடுத்தது.

சிலருக்கு வாசிப்பைச் சிரமமாக்கும் டிஸ்லெக்சியா இருக்கும். அன்று அவர்களுக்குக் கிடைத்த ஒரே பெயர் ‘மக்கு’. இன்று திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்து சைல்டு டெவலப்மென்ட் சென்டரில் பரிசோதித்துச் சொல்கிறார்கள். தேர்வில் கூடுதல் நேரமும் எழுத உதவியாளரும் கிடைக்கின்றன. ஆனாலும் வாசிக்கத் திணறும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மூளையில் குறையில்லை, யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை என்பதே என் எண்ணம். இது கேரளத்தின் குறை மட்டுமல்ல. 2022-இன் ஏசர் கல்வி ஆய்வின்படி இந்தியக் கிராமப்புறங்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் 46.7 சதவீதத்தினரால்தான் எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தது.

2024-25 முதல் கேரளத்தில் எட்டாம் வகுப்பின் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் 30 சதவீதம் கட்டாயம். அதை எட்டாதவர்களுக்குத் தனி வகுப்பும் மறுதேர்வும் உண்டு. நல்ல ஏற்பாடு, ஆனால் மூன்று ஆண்டு தாமதம். ஆசிரியர்களே, ஐந்தாம் வகுப்பின் முதல் மாதத்திலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, அது முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். பெற்றோர்களும் இதைச் செய்யலாம். பிள்ளை தடுமாறுகிறதா என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.