வீடு வாங்க முன்னம் பக்கத்து வீட்டு நாயையும் பாருங்கள்

லயத்தை விட்டு டவுன் பக்கம் ஒரு சின்ன வீடாவது வாங்க வேணும் என்று நினைக்காத குடும்பம் இப்போது குறைவு. பிள்ளைகள் கொழும்பில் உழைத்து அனுப்பியது, அம்மா வெளிநாட்டில் இருந்து அனுப்பியது, சீட்டுக் காசு, அடகு வைத்த நகை, இதெல்லாம் சேர்ந்துதான் அந்த வீடு. ஈ.பி.எப். சட்டத்தில் 2012 ஆம் ஆண்டு செய்த திருத்தத்தினால், வேலையில் இருக்கும்போதே வீட்டுத் தேவைக்கு 30 வீதம் வரை எடுக்கவும் வழி உண்டு. அந்தக் காசு ஒரு தடவை போனால் மறுபடி சேர்க்க நமக்கு வயசு இருக்காது.

உறுதி சுத்தமா, தண்ணி வருமா, மண் சரியுமா என்றெல்லாம் நம் ஆட்கள் விசாரிக்கிறார்கள். நல்லது. பக்கத்து வீட்டில் நாய் குரைக்குமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் சொன்னால், "ஐயா, லயத்தில இல்லாத நாயா?" என்று சிரிக்கிறார்கள்.

லயத்து நாய் வேறு. அது எல்லார் வீட்டுச் சோறும் தின்கிற நாய். நம்மைத் தெரியும், பெரட்டுக்குப் போகிற நேரமும் தெரியும். அது மிஞ்சினால் தலைவரிடம் சொல்லலாம், சண்டை போட்டாலும் மறுநாள் ஒரே பீலியில்தான் தண்ணி பிடிக்க வேணும். டவுனில் மதில் கட்டி, கேட் பூட்டி, உள்ளே 3 நாய் கட்டி வைத்திருப்பவரோடு நமக்கு என்ன பழக்கம்? சில இடத்தில் பேசுகிற பாஷையும் வேறு.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பகல் 11 மணிக்குப் போய் ஒரு வீட்டைப் பார்த்தது. நல்ல வீடு. 10 பேர்ச் காணி, 2 காம்பரா, முன்னால் இஸ்தோப்பு. பக்கத்து வீட்டுக்காரர் வீட்டில் இருந்தார், நாய்கள் வெயிலில் படுத்திருந்தன. மறுநாளே அட்வான்ஸ் கொடுக்கத் தயார். வீட்டுக்காரரோ இஸ்டோரில் இரவு வேலை. கொழுந்தை வாட்டி இரவில் அரைக்கிற வேலை, தூக்கம் பகலில்தான். ஒரு கிழமை நாளில் போய்ப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். புதன்கிழமை காலை போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் லொறியை எடுத்துக்கொண்டு போனதும் நாய்கள் தொடங்கின. பகல் சாப்பாட்டு நேரம் வரைக்கும் நிற்கவில்லை. அந்த வீட்டை அவர்கள் வாங்கவில்லை. வீட்டில் குறை இல்லை, பகலில் தூங்குகிற மனுசனுக்கு அது ஆகாது, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு தடவை பார்த்தால் போதாது. கிழமை நாளில் ஒரு தடவை, இரவு 9 மணிக்குப் பிறகு ஒரு தடவை, விடியக் காலை ஒரு தடவை போங்கள். இரவில் போவது முக்கியம். நம் மலைப் பக்கத்தில் இரவானால் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கிவிடும். மேலே போகிற சத்தம் வளைந்து கீழே இறங்கும். அதனால்தான் எதிர் மலை நாய் நம் வாசலில் குரைக்கிற மாதிரி கேட்கிறது. தகரக் கூரை போட்டு, சீலிங் இல்லாத வீடானால், சுவருக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள சந்தாலே சத்தம் நேராக உள்ளே வரும். சீலிங் அடித்தால் குறையும், நிற்காது. படுக்கிற காம்பரா எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். நாய்க் கூட்டுப் பக்கம் குசினி வந்தால் பொறுக்கலாம்.

நாய் ஏன் குரைக்கிறது என்று தெரிந்தால், அது மாறுமா மாறாதா என்றும் தெரியும். பெட்டை நாய் சூட்டில் இருக்கிற 3 கிழமை அளவில் தெருவெல்லாம் ஊளை கேட்கும், பிறகு அடங்கும். அந்த நேரத்தில் போய்ப் பார்த்துப் பயந்து நல்ல வீட்டை விட வேண்டாம். குட்டியானால் வளர வளரச் சரிவரலாம். ஆனால் நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டி, ஆள் முகம் காட்டாமல் வளர்க்கிற நாய் அவிழ்த்துப் பழக்கும் வரை குரைக்கும். மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வருகிறது என்று வைத்திருக்கும் நாய் குரைக்கத்தான் வேணும், அதுதான் அதற்கு வேலை. காட்டோரம் நாய் கூடின இடத்துக்குச் சிறுத்தை வருவதும் நமக்குப் புதிதல்ல.

பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ப் பேசுங்கள். முறைப்பாடாக இல்லை, "உங்க நாய் கடிக்குமாங்க, பிள்ளைகள் இருக்கு" என்று கேளுங்கள். வெளியே வந்து நாயை அதட்டி, பெயர் சொல்லிக் காட்டுகிறவரோடு நாளைக்கும் பேசலாம். கேட்டுக்கு உள்ளே நின்று "அது அப்படித்தான்" என்கிறவர் நீங்கள் குடிவந்த பிறகு மாறப் போவதில்லை. விற்கிறவரிடம் ஏன் விற்கிறீர்கள் என்றும் கேளுங்கள். வாயால் சொல்வதைவிட முகம் சொல்லும்.

"நாயை எடுத்துவிடச் சொல்லி இருக்கிறேன்" என்று விற்கிறவர் சொன்னால் அதை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். அந்த நாய் அவருடையது இல்லை. காணி விற்பனையே நொத்தாரிஸ் முன்னால் எழுத்தில் இருக்க வேணும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்து நாட்டுச் சட்டம். வாய்ப் பேச்சு வீட்டுக்கே செல்லாது, நாய்க்கு எங்கே செல்லும்?

வாங்கிய பிறகு தொல்லை வந்தால் கிராம சேவகரிடம் போகலாம், பொலிஸிலும் சொல்லலாம். 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபையும் இருக்கிறது. அங்கே சட்டத்தரணி பேச முடியாது, நீங்களே பேசலாம். நல்ல இடம்தான். ஆனால் இரண்டு பேரும் சம்மதித்தால்தான் அங்கே தீர்வு. அதை நம்பி வீட்டை வாங்குவது சரியில்லை என்பது என் எண்ணம். நாய் இன்று குரைப்பது போலவே 10 வருஷம் குரைக்கும் என்று வைத்துக்கொண்டு, அப்படியும் இந்த வீடு இந்த விலைக்கு வேணுமா என்று வீட்டில் எல்லாரும் இருந்து பேசுங்கள். சாதாரண தரம் படிக்கிற பிள்ளை, பச்சைப் பிள்ளை, நோயாளி, இரவு வேலைக்காரர் இருந்தால் ஒரு கணக்கு. எல்லாரும் பகலில் வேலைக்குப் போய் இரவில் அசந்து தூங்குகிறவர்கள் என்றால் வேறு கணக்கு. இப்படி யோசித்து, நாய் இருந்தும் வாங்கி நிம்மதியாக இருக்கிற குடும்பமும் உண்டு. கள்ளன் வரமாட்டான் என்று அந்த ஆத்தா சொல்கிறார்.

கடைசியாக ஒன்று. சத்தத்தைவிடப் பெரிய விஷயம் கடி. அந்த நாய்களுக்கு வருஷா வருஷம் விசர் நோய்த் தடுப்பூசி போடுகிறார்களா என்று கேளுங்கள், அட்டையைக் காட்டச் சொன்னாலும் தப்பில்லை. நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடுகிற தண்ணியில் சவர்க்காரம் போட்டு 15 நிமிஷம் கழுவி, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேணும், மஞ்சள் அப்பிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. வீடு பார்க்கப் போகிற அன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளையையும் கூட்டிப் போய், அந்த வீட்டு வாசலில் இருந்து பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நீங்களும் பிள்ளையுமாக ஒரு தடவை நடந்து பாருங்கள்.