மின்சாரக் காரும் மச்சானின் போனசும்

இந்த நாட்டுக்கு வந்து சேரும் எங்கள் குடும்பங்களுக்கு முதலில் வேண்டியது வீடு, அடுத்தது வேலை. மூன்றாவதாக வருவது கார். இது ஆடம்பரத்துக்காக அல்ல. காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கினால் அதற்கேற்ற நேரத்தில் பஸ் இல்லை. இரவு வேலை முடிந்து வெளியே வந்தால் கொட்டும் பனியில் அடுத்த பஸ்சுக்கு ஒரு மணித்தியாலம் நிற்க வேண்டும். ஆகவே கடன்பட்டாவது ஒரு கார் வாங்குகிறோம்.

நோர்வேயில் இன்று புதிய கார் என்றால் பெரும்பாலும் மின்சாரக் கார்தான். 2024ஆம் ஆண்டில் இங்கு பதிவான புதிய கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரத்தில் ஓடுபவை. 2001ஆம் ஆண்டிலிருந்து பல வருடங்களாக இக்கார்களுக்குப் பெறுமதி சேர் வரி இல்லாதிருந்தது இதற்கு ஒரு பெரிய காரணம். அந்தக் கார்கள் நாலைந்து வருடம் ஓடிப் பழைய கார்ச் சந்தைக்கு வரும்போது எங்களைப் போன்றவர்களின் கைக்கு வருகின்றன.

"பெற்றோல் காசு மிச்சம், எண்ணெய் மாற்றும் செலவும் இல்லை" என்று எல்லோரும் சொல்வார்கள். காப்புறுதிக்கு எவ்வளவு போகும் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. எங்களுக்கும் சொல்லவில்லை. நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைப் புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

மூன்று வகைக் காப்புறுதி

முதலாவது 'அன்ஸ்வார்'. இது சட்டப்படி கட்டாயமானது. எங்கள் காரால் மற்றவருக்கோ அவருடைய பொருளுக்கோ நேரும் சேதத்தை இது கொடுக்கும். எங்கள் காரின் சேதத்துக்கு ஒரு சதமும் தராது. இது இல்லாமல் காரைப் பதிவில் வைத்திருந்தால், கார் ஓடாமல் நின்றாலும், நாட்கணக்கில் தண்டப்பணம் ஏறிக்கொண்டே போகும்.

இரண்டாவது 'டெல்காஸ்கோ'. தீ, களவு, கண்ணாடி உடைதல் ஆகியவற்றுக்கும், வழியில் நின்றுபோன காரை இழுத்துச் செல்வதற்கும் இது உதவும். மூன்றாவது 'காஸ்கோ'. நாங்களே பிழைவிட்டு மோதினாலும், பனிக்கட்டியில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தாலும், எங்கள் காரைத் திருத்தித் தருவது இது ஒன்றுதான். வங்கிக் கடனில் வாங்கிய காருக்கு வங்கி பெரும்பாலும் காஸ்கோவையே கேட்கும்.

எங்கள் காருக்குச் சேதம் வந்தால் பெரும்பாலும் முதலில் ஒரு தொகையை நாங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டும். இதை 'ஏகன்அன்டேல்' என்பார்கள். இது 4,000 குரோனராகவும் இருக்கலாம், 12,000 ஆகவும் இருக்கலாம். இந்தத் தொகை கூடினால் வருடக் கட்டணம் குறையும்.

மின்சாரக் காருக்கு ஏன் கூடுதலாகக் கேட்கிறார்கள்?

பெற்றோல் கார் வைத்திருந்து மின்சாரக் காருக்கு மாறியவர்கள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். காரணங்கள் இல்லாமல் இல்லை. காரின் அடியில் தட்டையாகக் கிடக்கும் பற்றரிதான் அதன் விலை கூடிய உறுப்பு. அடித்தட்டில் ஒரு கல் பலமாக அடித்தாலும் பற்றரிப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிவரலாம். உயர் மின்னழுத்தம் உள்ளதால் அதற்கெனப் பயிற்சி பெற்றவர்தான் கைவைக்கலாம். எல்லாக் கராஜ்களும் இதைச் செய்ய முடியாது. முன் பம்பரிலும் கண்ணாடியிலும் கமெராக்களும் உணர்கருவிகளும் இருப்பதால், கண்ணாடி மாற்றினாலும் கமெராவைத் திரும்ப அளவுபார்த்துச் சரிசெய்ய வேண்டும். இது புதிய பெற்றோல் கார்களுக்கும் பொருந்தும்.

அடுத்தது வலு. பல மின்சாரக் கார்கள் பாரம் கூடியவை, மிதித்தவுடன் பாய்பவை. நாலு சில்லும் இழுக்கும் பெரிய காருக்கும் சிறிய பழைய நிசான் லீஃப் காருக்கும் ஒரே கட்டணம் வராது. ஆகவே காரை வாங்கிய பின் காப்புறுதி தேடக்கூடாது. வாங்கும் முன்பே அந்தக் காரின் பதிவிலக்கத்தைக் கொடுத்து விலை கேட்க வேண்டும். இரண்டு கார்கள் ஒரே விலைக்கு விற்கப்பட்டாலும் அவற்றின் காப்புறுதி வருடத்துக்குப் பல ஆயிரம் குரோனரால் வித்தியாசப்படலாம்.

அரசாங்க வரி ஒன்றும் இதற்குள் இருக்கிறது. 2018இல் பழைய வருடாந்தக் கார் வரியை நிறுத்தி, காப்புறுதிக் கம்பனிகள் மூலம் நாட்கணக்கில் அறவிடத் தொடங்கினார்கள். மின்சாரக் கார்களுக்கு முதலில் இது இருக்கவில்லை. 2021இல் குறைந்த வீதத்தில் வந்து, 2022இல் பெற்றோல் காரின் அளவுக்கு ஏறியது. ஆகையால் ஒரு கம்பனி விலை சொன்னால் அதில் வரி சேர்ந்திருக்கிறதா, இல்லையா என்று கேளுங்கள். ஒருவர் வரியோடும் மற்றவர் வரியில்லாமலும் சொன்ன விலைகளை வைத்து நாங்கள் ஒருமுறை ஏமாந்திருக்கிறோம்.

போனசும் எங்கள் புத்திசாலித்தனமும்

விபத்தில்லாமல் ஓடும் ஒவ்வொரு வருடத்துக்கும் கழிவு ஏறும். பெரும்பாலும் வருடம் 10 சதவீதமாக ஏறி 70, 75 சதவீதம் வரை போகும். கணக்கு விளங்குவதற்காகச் சொல்வதானால், முழுக் கட்டணம் 30,000 குரோனர் என்று வைத்துக்கொள்வோம். 70 சதவீதப் போனஸ் உள்ளவர் 9,000 கட்டுவார். 20 சதவீதத்தில் தொடங்கும் புதியவர் 24,000 கட்டுவார். கார் ஒன்று, வீதி ஒன்று, கட்டணம் மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல்!

இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தோன்றும் யோசனைதான் எங்களுக்கும் தோன்றியது. மச்சான் பல வருடமாக இங்கே இருப்பவர். அவருக்கு நிறையப் போனஸ். இரண்டாவது காருக்கும் அதே கழிவை அவருடைய கம்பனி தந்தது. காரை அவர் பெயரில் பதிந்தோம். கடனும் அவர் பெயரில். வருடம் 8,000 கிலோமீற்றர் ஓடும் என்று எழுதிக் கொடுத்தார், ஏனெனில் நாங்கள் அப்படித்தான் அவரிடம் சொன்னோம். வருடத்துக்கு 6,000 குரோனரளவில் மிச்சம் பிடித்ததாகச் சந்தோஷப்பட்டோம்.

பிறகு மனைவிக்கும் வேலை கிடைத்தது. பிள்ளையின் தமிழ்ப் பள்ளி, சனிக்கிழமைக் கோயில் என்று ஓட்டம் கூடியது. பதின்மூன்றாவது மாதம் மீற்றர் 17,000 கிலோமீற்றர் கூடக் காட்டியது. மச்சானுக்கு நாங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

ஜனவரி முதல் வாரம், அதிகாலை வேலைக்குப் போகையில் கார் பனிக்கட்டியில் சறுக்கி வீதியோர இரும்புத் தடுப்பில் மோதியது. ஆளுக்கு ஒன்றும் இல்லை, கடவுள் புண்ணியம். திருத்தச் செலவு 68,000 குரோனர் என்று கராஜில் எழுதித் தந்தார்கள். கம்பனி மச்சானிடம் இரண்டு கேள்விகள் கேட்டது. தினமும் ஓட்டுபவர் யார்? மீற்றர் ஏன் இப்படிக் காட்டுகிறது? மச்சான் பொய் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை.

கொடுத்த விபரம் பிழை என்றால் நட்டஈட்டைக் குறைக்க 1989ஆம் ஆண்டின் காப்புறுதி ஒப்பந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஏகன்அன்டேல் 8,000 போக மீதி 60,000இல் பாதியைத்தான் கம்பனி கொடுத்தது. நாங்கள் கட்டியது 38,000 குரோனர். ஒரு வருடத்தில் மிச்சம் பிடித்த 6,000க்கு விலை அது. அதோடு போனஸ் விழுந்தது எங்களுக்கல்ல, மச்சானுக்கு. அடுத்த வருடக் கடிதத்தில் அவருடைய கட்டணம் ஏறியிருந்தது.

அந்தத் தைப்பொங்கலுக்கு நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை. சித்திரை வருடப் பிறப்பன்று மனைவி பலகாரம் எடுத்துக்கொண்டு போக, நாங்களும் பின்னால் போனோம். ஏறிய கட்டணத்தைப் போனஸ் திரும்ப ஏறும்வரை நாங்களே கட்டுகிறோம் என்று சொன்னோம். மச்சான் தங்கச்சியைப் பார்த்துச் சொன்னார்: "காசைப் பற்றி நான் யோசிக்கேல்லை. கூட ஓடுறியள் எண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நான் ஒரு ரெலிபோன் அடிச்சு மாத்தியிருப்பன்."

அவர் சொன்னது உண்மை. கிலோமீற்றரைக் கூட்டுவது ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற காரியம். யார் ஓட்டுகிறார்கள் என்பதும் அப்படித்தான்.

விலைகளை ஒப்பிடுவது எப்படி?

பிறகு காரையும் கடனையும் எங்கள் பெயருக்கு மாற்றி, உண்மையான விபரங்களோடு விலை கேட்டோம். ஒரே கார், ஒரே விலாசம், 16,000 கிலோமீற்றர். மூன்று கம்பனிகள் காஸ்கோவுக்கு 17,900, 14,200, 12,600 என்று மூன்று விலை சொன்னார்கள். ஆகக் குறைந்ததை எடுக்கப் போனபோது, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் நிபந்தனைகளை வாசித்துக் காட்டினாள். அதில் ஏகன்அன்டேல் 12,000; திருத்தும் காலத்துக்கு மாற்றுக் கார் இல்லை. நடுவிலையில் ஏகன்அன்டேல் 6,000. மாற்றுக் காரும் உண்டு. கார் இல்லாமல் இரண்டு கிழமை வேலைக்குப் போக முடியாத எங்களுக்கு நடுவிலையே மலிவு.

ஆகவே விலை கேட்கும்போது இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

ஒன்று: எல்லோரிடமும் ஒரே கிலோமீற்றருக்கும் ஒரே ஏகன்அன்டேலுக்கும் விலை கேளுங்கள்.

இரண்டு: அடித்தட்டில் கல் அல்லது வீதி விளிம்பு அடித்துப் பற்றரி பழுதானால் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். பற்றரி பழையதாகி ஓட்டத்தூரம் குறைவதற்குக் காப்புறுதி பொறுப்பல்ல. அதற்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கார்களுக்கு அது 8 வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர்.

மூன்று: வழியில் மின்சாரம் தீர்ந்து நின்றால் இழுத்துச் செல்வார்களா? சார்ஜ் வயர் களவு போனால் தருவார்களா? கம்பனிக்குக் கம்பனி இது மாறும்.

நான்கு: தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் சங்கத்தின் மூலம் கழிவு உண்டா என்று கேளுங்கள். எல்.ஓ. சங்கங்களின் உறுப்பினர்களுக்கு 'எல்ஓஃபாவொர்' என்ற சலுகைத் திட்டம் இருக்கிறது. வீட்டுக் காப்புறுதியையும் ஒரே இடத்தில் எடுத்தால் பல கம்பனிகள் மேலும் குறைப்பார்கள்.

ஐந்து: வேறு ஐரோப்பிய நாட்டில் கார் ஓட்டிவிட்டு இங்கு வந்தவர்கள், விபத்தில்லாமல் ஓடிய வருடங்களுக்கு அங்குள்ள கம்பனியிடம் கடிதம் எடுத்து வாருங்கள். சில கம்பனிகள் அதை ஏற்றுப் போனசை உயர்த்திக் கொடுக்கும்.

மலிவான பழைய மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இன்னொரு கணக்கும் பார்க்கலாம். காரின் பெறுமதி 30,000 குரோனர், ஏகன்அன்டேல் 8,000 என்றால், கார் முழுதாக அழிந்தாலும் கைக்கு வருவது 22,000தான். காஸ்கோவுக்கும் டெல்காஸ்கோவுக்கும் வருடத்துக்கு 4,000 வித்தியாசம் என்றால், ஐந்தரை வருடத்தில் அந்தக் காசை நாங்களே கட்டிவிடுவோம். கடன் இல்லாத பழைய காருக்கு டெல்காஸ்கோ போதும் என்று தீர்மானிப்பது தவறல்ல. கடன் உள்ள காருக்கு மட்டும் அந்த விளையாட்டு வேண்டாம். கார் போனபின்பும் தவணை போகாது.

குளிர்கால ரயரின் ஆழம் 3 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். தேய்ந்த ரயரோடு மோதினாலும் நட்டஈடு குறையலாம். அதுபோல வீட்டில் சாதாரண சுவர்ப் பிளக்கில் தினமும் சார்ஜ் செய்யாமல், அனுமதி பெற்ற மின்சாரத் தொழிலாளரைக் கொண்டு சார்ஜ் பெட்டி பூட்டுவதே தீ விபத்திலிருந்து குடும்பத்தைக் காக்கும்.

கம்பனியை மாற்றுவதற்கு வருடம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு மாத முன்னறிவித்தலோடு மாறலாம். புதிய கம்பனியே பழையதற்கு எழுதி ஒழுங்கு செய்யும். நட்டஈட்டில் அநியாயம் நடந்ததாக நினைத்தால் முதலில் அதே கம்பனிக்கு முறைப்பாடு எழுதுங்கள். அதிலும் சரிவராவிட்டால் 'ஃபினான்ஸ்கிளாகெனெம்டா' என்ற முறைப்பாட்டுச் சபைக்குப் போகலாம். அங்கு எங்களைப் போன்றவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை.

எங்கள் போனஸ் இப்போது 40 சதவீதத்தில் நிற்கிறது. அது மெதுவாகத்தான் ஏறுகிறது. ஆனாலும் அது எங்கள் பெயரில் ஏறுகிறது. புதிதாக வந்த ஒரு தம்பி போன மாதம் எங்களிடம் வந்து, காரை உங்கள் பெயரில் பதியலாமா அண்ணை என்று கேட்டார். முடியாது என்று சொல்ல எங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. தேநீர் கொடுத்து, மகளையும் பக்கத்தில் இருத்தி, அவர் பெயரிலேயே நாலு கம்பனிகளிடம் விலை கேட்டுக் கொடுத்தோம்.